மூணு வேலை... ஒரு நாள் லீவு கூட இல்லையா? பார்ட் டைம் இளைஞர்களுக்கான பாதுகாப்பு கைடு!

காலை 6 மணிக்கு டியூஷன் சென்டர்ல பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. மதியம் 12 மணிக்கு டெலிவரி பையை மாட்டிக்கிட்டு பைக். 3 மணிக்கு ஒரு குட்டி பிரேக். 7 மணிக்கு மறுபடியும் டெலிவரி. ராத்திரி 9.30-க்கு மேல வீட்டு கிச்சன்ல, இன்ஸ்டாகிராம்ல வந்த பிரவுனி ஆர்டர். ‘மாசம் எவ்வளவுப்பா வருது?’னு மாமா கேட்டா, ‘முப்பதாயிரம் வருது மாமா’னு தெம்பா சொல்லிடுவீங்க.

ஆனா, ஒரு வியாழக்கிழமை 102 டிகிரி காய்ச்சல் வந்தா? டியூஷன் சென்டர்ல அன்னிக்கு சம்பளம் கட். ஆப்ல லாக்-இன் பண்ணலைனா டெலிவரி காசும் கட். பிரவுனி ஆர்டர் கேன்சல். மூணு வருமானமும் ஒரே நாள்ல நின்னுடும்.

மூணு இடமும் உங்களுக்குக் காசு கொடுக்குது. ஆனா லீவு, பி.எஃப், மருத்துவக் காப்பீடு என எதையும் ஒரு இடம்கூட கொடுக்கிறதில்லை. ஃபுல் டைம் வேலையில இதெல்லாம் தானா வந்துடும். உங்களைப்போல துண்டு துண்டா வேலை பார்க்கிறவங்க, அதையும் துண்டு துண்டாத்தான் சேர்க்கணும். எங்கிருந்து, எப்படினு பார்ப்போம்.

முதல்ல, உண்மையான சம்பளம் எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். டியூஷன் 8,000 ரூபாய், டெலிவரி 12,000 ரூபாய், பிரவுனி விற்பனை 10,000 ரூபாய். மொத்தம் 30,000 ரூபாய்.

இப்போ செலவைக் கழிங்க. பெட்ரோல் 3,000, பைக் சர்வீஸ், டயர் தேய்மானம் 1,000, மொபைல் டேட்டா 500, மைதா, வெண்ணெய், சாக்லேட், கேஸ், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 5,500. ஆக 10,000 ரூபாய் போயாச்சு. கையில நிக்கிறது 20,000 ரூபாய்தான்.

அடுத்து நேரம். டியூஷன் மாசத்துக்கு 48 மணி நேரம், டெலிவரி 120, பிரவுனி 32. மொத்தம் 200 மணி நேரம். அதாவது, மணிக்கு 100 ரூபாய். தனித்தனியா பார்த்தா இன்னும் சுவாரஸ்யம். டியூஷன்ல மணிக்கு சுமார் 166 ரூபாய், பிரவுனியில 140 ரூபாய், டெலிவரியில வெறும் 62 ரூபாய்.

அதிக நேரத்தை விழுங்கற வேலைதான் குறைவா கொடுக்குது. அதுக்காக நாளைக்கே டெலிவரியை விட்டுடணும்னு அர்த்தம் இல்ல. வாராவாரம் கைக்கு வர்ற காசுக்குனு ஒரு மதிப்பு இருக்கு. ஆனா, ‘இன்னும் கொஞ்சம் சம்பாதிக்கணும்’னு தோணும்போது, கூட ரெண்டு மணி நேரம் பைக் ஓட்டுறதா, இன்னொரு டியூஷன் பேட்ச் பிடிக்கிறதானு முடிவெடுக்க இந்தக் கணக்கு வேணும். உங்க நம்பர்களைப் போட்டு, போன் நோட்ஸ்லயே இதைச் செய்யலாம்.

‘பார்ட் டைமுக்கு எதுவும் கிடையாது’ - இதை அப்படியே நம்பாதீங்க!

பகுதி நேர வேலைங்கிற ஒரே காரணத்துக்காக பி.எஃப், இ.எஸ்.ஐ மறுக்க முடியாது. பொதுவா 20 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனத்துக்கு பி.எஃப் பொருந்தும். 10 பேர் அல்லது அதுக்கு மேல இருந்தா, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குறவங்களுக்கு இ.எஸ்.ஐ பொருந்தும்.

இ.எஸ்.ஐ-க்கு உங்க பங்கு சம்பளத்துல 0.75%, நிறுவனத்தோட பங்கு 3.25%. டியூஷன் சம்பளம் 8,000 ரூபாய்னா, உங்ககிட்ட பிடிக்கிறது மாசம் 60 ரூபாய்தான். அந்த 60 ரூபாய்க்கு உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்துக்கும் மருத்துவ வசதி கிடைக்கும். தேவையான நாள்கள் சந்தா கட்டியிருந்தா, உடம்பு முடியாத நாள்களுக்குச் சம்பளத்துல 70 சதவிகிதம், வருஷத்துக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். மூணு வேலையில ஒண்ணுல இ.எஸ்.ஐ இருந்தாலே பெரிய பலம்.

ஒரு விஷயம் கவனிங்க. உங்களுக்கு வர்றது ‘சம்பளமா’, ‘புரொஃபஷனல் ஃபீஸா’? ஃபீஸ்னு போட்டு 10% டி.டி.எஸ் பிடிச்சா, உங்களை ஊழியரா கணக்குல வைக்கலைனு அர்த்தம். சேரும்போதே, ‘சார், நான் எம்ப்ளாயியா, கன்சல்டன்ட்டா? இ.எஸ்.ஐ உண்டா?’னு கேட்டுடுங்க. சண்டையா கேட்க வேண்டாம், சந்தேகமா கேட்டாலே போதும். பதிலை வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கி வெச்சுக்கோங்க.

அதேபோல ஆஃபர் லெட்டர்ல, ‘வேறு வேலை பார்க்கக் கூடாது’னு வரி இருக்கானு படிங்க. இருந்தா, முன்கூட்டியே அனுமதி கேட்கிறது நல்லது.

டெலிவரி பண்றீங்களா? இந்த ரெண்டு பதிவு முக்கியம்

நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2020-21-ல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்தாங்க. 2029-30-ல் இது 2.35 கோடியாகும்னு அந்த அறிக்கை கணிச்சிருக்கு. இத்தனை பேருக்கும் சட்டத்துல ரொம்ப நாளா பெயரே இல்லாம இருந்தது. 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புதான் கிக் தொழிலாளர்களுக்கு அந்த அடையாளத்தைக் கொடுத்தது. ஆப் நிறுவனங்கள் தங்களோட ஆண்டு விற்றுமுதல்ல 1 முதல் 2 சதவிகிதத்தைத் தொழிலாளர் நல நிதிக்குத் தரணும்னு அது சொல்லுது. அந்தப் பலன் உங்களைத் தேடி வரணும்னா, உங்க பெயர் பதிவுல இருக்கணும்.

1. இ-ஷ்ரம்: 2021-ல் மத்திய அரசு தொடங்கின தளம். ஆதார், ஆதாரோட இணைச்ச மொபைல் நம்பர், பேங்க் அக்கவுன்ட் போதும். கட்டணம் கிடையாது. ஆப் மூலமா வேலை பார்க்கிறவங்களுக்குனு தனிப் பதிவு இருக்கு.

2. தமிழ்நாடு கிக் தொழிலாளர் நலவாரியம்: 2023-ல் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ளவங்க தொழிலாளர் துறை மூலமா பதிவு பண்ணலாம். 2025-26 தமிழக பட்ஜெட்ல, மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம்னு அறிவிச்சதும், இந்த வாரியத்துல பதிவு பண்ணவங்களுக்குத்தான்.

இன்னொண்ணு, பைக் இன்ஷூரன்ஸ். சொந்த உபயோகத்துக்குனு எடுத்த பாலிசியில டெலிவரி ஓட்டி விபத்தானா, க்ளெய்ம் மறுக்கப்படலாம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கிட்ட மறைக்காம சொல்லிக் கேளுங்க. உங்க ஆப்ல விபத்துக் காப்பீடு இருந்தா, அது எப்போ செல்லும்னு படிங்க. லாக்-இன்ல இருந்தாலே போதுமா, ஆர்டர் கையில இருக்கும்போது மட்டும்தானா? இந்த ஒரு வரியிலதான் எல்லாமே இருக்கு.

ஒரு டீக்கடை பில்லுல ஒரு வருஷ காப்பீடு

பேங்க் ஆப்லயே சேரக்கூடிய ரெண்டு திட்டங்கள் இருக்கு. ‘சுரக்ஷா பீமா’வுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்துல உயிரிழப்பு அல்லது முழு ஊனம்னா 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ‘ஜீவன் ஜோதி பீமா’வுக்கு வருஷத்துக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயது வரை சேரலாம். எந்தக் காரணத்தால் உயிரிழந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். ரெண்டுமே ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும். மே மாசக் கடைசியில அக்கவுன்ட்ல பேலன்ஸ் இல்லாம புதுப்பிக்காம போறதுதான் பலரும் பண்ற தப்பு.

மருத்துவக் காப்பீட்டுக்கு மூணு வழி. அப்பா, அம்மா வேலை பார்க்கிற நிறுவனத்துல குடும்பக் காப்பீடு இருந்தா, பொதுவா 25 வயது வரை உங்களையும் சேர்க்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை. ரெண்டும் இல்லைனா, தனியா பாலிசி எடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. விபத்து தவிர மத்த நோய்களுக்கு முதல் 30 நாள்கள் க்ளெய்ம் பண்ண முடியாது. அதனால காய்ச்சல் வந்த பிறகு பாலிசி தேடினா வேலைக்கு ஆகாது.

உங்களுக்கு நீங்களே லீவு சம்பளம்!

கையில நிக்கிற 20,000-ல் 3,000 ரூபாயைத் தனியா எடுங்க. அதுல 1,500 லீவு சம்பளம், 1,000 மருத்துவம், 500 வயசான காலத்துக்கு.

மாசம் 1,500-னா வருஷத்துக்கு 18,000. மாசம் 25 நாள் வேலைனு வெச்சா, உங்க ஒரு நாள் வருமானம் 800 ரூபாய். அப்போ வருஷத்துக்கு 22 நாள் லீவு கையில இருக்கு! காய்ச்சலுக்கு, அக்கா கல்யாணத்துக்கு, தேர்வுக்குப் படிக்க எடுத்துக்கலாம். இந்தப் பணம் இல்லாதவங்கதான் ஒரு மந்தமான வாரத்துல லோன் ஆப் பக்கம் போறாங்க. அங்க வாங்கற 5,000-ஐ அடைக்க இன்னும் ஒரு மாசம் கூடுதலா ஓட வேண்டியிருக்கும்.

வேற பேங்க்ல ஒரு அக்கவுன்ட் திறந்து, டெலிவரி காசு வர்ற அன்னிக்கே மாத்திடுங்க. அந்த அக்கவுன்ட்டுக்கு யு.பி.ஐ வைக்காதீங்க.

வயசான காலத்துக்கு? ‘அடல் பென்ஷன்’ திட்டத்துல 25 வயசுல சேர்ந்தா, மாசம் 376 ரூபாய் கட்டணும். 60 வயசுக்கு மேல மாசம் 5,000 ரூபாய் பென்ஷன். 18 முதல் 40 வயசுக்குள்ள சேரணும், வருமான வரி கட்டுறவங்க சேர முடியாது. அந்த நாள்ல 5,000-க்கு என்ன மதிப்பிருக்கும்னு கேட்கலாம். நியாயம்தான். அதனால, இதை ஆரம்பமா வெச்சுக்கிட்டு, வருமானம் கூடும்போது பி.பி.எஃப்-ல சேர்க்கலாம். வருஷத்துக்குக் குறைஞ்சது 500 ரூபாய் போட்டாலே அந்தக் கணக்கு ஓடும்.

பிரவுனி பிசினஸையும் கணக்குல கொண்டு வாங்க

வீட்டுல செஞ்சாலும் உணவுப் பொருள் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு கட்டாயம். உத்யம் பதிவு இலவசம், ஆதார் வெச்சு ஆன்லைன்லயே முடிச்சுடலாம். ‘பண்ணித் தர்றோம்’னு காசு கேட்கிற தளங்கள் நிறைய இருக்கு, உஷார்! பெரிய அவன் வாங்க முத்ரா திட்டத்துல 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாத ‘சிசு’ கடனுக்கு பேங்க்ல விண்ணப்பிக்கலாம்.

விலை வைக்கும்போது மைதா, சாக்லேட் விலையை மட்டும் கூட்டாதீங்க. உங்க கூலியையும் கூட்டுங்க. ‘வீட்டுல இருந்துதானே செய்யறோம்’னு கூலியை விட்டுட்டா, அது பிசினஸ் இல்ல, தானம்.

‘நமக்கெல்லாம் எதுக்கு ஐ.டி ரிட்டர்ன்?’

டியூஷன் சென்டர் மாசம் 8,000-ல் 10% டி.டி.எஸ் பிடிச்சா, வருஷத்துக்கு 9,600 ரூபாய். புதிய வரி முறையில 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. அதனால உங்க மொத்த ஆண்டு வருமானம் அதுக்குள்ள இருந்தா, ரிட்டர்ன் போட்டு அந்த 9,600-ஐத் திரும்ப வாங்கலாம். நாளைக்கு பைக் லோன், வீட்டு வாடகை ஒப்பந்தம்னு போனா, சம்பள ஸ்லிப் இல்லாத உங்களுக்கு வருமானச் சான்றும் அந்த ரிட்டர்ன்தான்.

தூக்கமும் ஒரு முதலீடு

அதிகாலை டியூஷன், நள்ளிரவு பேக்கிங்னு இருந்துட்டு அடுத்த நாள் பைக் ஓட்டுறது ஆபத்து. வாரத்துல ஒரு நாள், மூணு வேலையில ரெண்டுக்காவது லீவு விடுங்க. பிரவுனி ஆர்டருக்கு ‘ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க’னு பயோல போட்டுடுங்க. நல்ல கஸ்டமர் காத்திருப்பாங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம்

* போன் நோட்ஸ்ல மணிக் கணக்கு போடுங்க.
* பேங்க் ஆப்ல 20 ரூபாய், 436 ரூபாய் காப்பீட்டுல சேருங்க.
* இ-ஷ்ரம்ல பதிவு பண்ணுங்க, நலவாரியத்துக்கு விண்ணப்பியுங்க.
* லீவு சம்பளத்துக்குத் தனி அக்கவுன்ட் திறந்து, முதல் 500 ரூபாயைப் போடுங்க.
* நாமினி பெயர் எல்லா இடத்திலும் சரியா இருக்கானு பாருங்க.
* திங்கள்கிழமை காலை டியூஷன் சென்டர்ல அந்த இ.எஸ்.ஐ கேள்வியைக் கேட்டுடுங்க.

அடுத்த முறை காய்ச்சல் வரும்போது, கஞ்சி குடிச்சிட்டு நிம்மதியா படுத்துத் தூங்குங்க. அன்னிக்கான 800 ரூபாயை நீங்க ஏற்கெனவே சம்பாதிச்சு வெச்சுட்டீங்க!