மஜ்ஜைப் பொருத்தமும் மூதாதையர் வழியும்

1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். யூகோஸ்லாவியாவில் வின்சா என்னுமிடத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் உலை கட்டுமீறியது. கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள் பாரிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முன்பின் அறியாத பிரெஞ்சுக்காரர்கள் மனமுவந்து அளித்த எலும்பு மஜ்ஜையை, ஜார்ஜ் மாத்தே என்னும் மருத்துவர் அவர்களுள் ஐவருக்குச் செலுத்தினார். ஒருவர் இறந்தார், மற்றவர் பிழைத்தனர். ஆனால் அந்நிய மஜ்ஜை நிலைக்கவில்லை. அவர்களுடைய சொந்த மஜ்ஜையே மீண்டும் தழைத்தது. யாருடைய மஜ்ஜை யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல அன்று எவராலும் இயலவில்லை.

அதற்கான திறவுகோல் அதே ஆண்டில், அதே பாரிஸில் கிடைத்தது என்பதுதான் வியப்பு. பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டோரின் சீரம் பிறருடைய வெள்ளணுக்களைத் திரளச் செய்வதைக் கவனித்த ழான் டோசே, அவ்வணுக்களின் மேற்பரப்பில் ஓர் அடையாளப் பொருளைக் கண்டறிந்தார். ஹாலந்தில் வான் ரூட், அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் ஆகியோர் பல பிள்ளைகள் பெற்ற தாய்மாரின் இரத்தத்திலும் இத்தகைய எதிர்ப்பொருள் இருப்பதை அவ்வாண்டே தெரிவித்தனர். சேயிடம் தந்தைவழி வந்த அடையாளங்களைத் தாயின் உடல் அந்நியமாகக் கருதியதன் விளைவு அது! இவ்வடையாளங்களே எச்.எல்.ஏ. எனப்படுகின்றன. 1980-இல் டோசே நோபல் பரிசு பெற்றார்.

இரத்த வகை என்றால் ஏ, பி, ஏபி, ஓ என நான்கை எண்ணிப் பழகியவர்கள் நாம். இந்தக் கணக்கு அப்படிப்பட்டதன்று. ஆறாவது குரோமோசோமில் நெருங்கி அமைந்த சில ஜீன்கள். அவற்றின் மாற்று வடிவங்களோ இன்று அறிந்தவரை 30,000-க்கும் மேல். அவை பெரும்பாலும் கோத்த சரம் போல ஒன்றாகவே இறங்கி வருகின்றன. தாயிடமிருந்து ஒரு சரம், தந்தையிடமிருந்து ஒரு சரம். ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இருவர் இருந்தால் 44 சதவீதம். 1968-இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் ஒரு கைக்குழந்தைக்கு அதன் அக்காளின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டார்.

உடன்பிறந்தோர் பொருந்தாவிடில்? வெளியாரிடம்தான் தேட வேண்டும். 1973-இல் நியூயார்க்கில் ஒரு குழந்தைக்கு டென்மார்க்கிலிருந்து பொருத்தமான மஜ்ஜை கிடைத்தது. மறு ஆண்டு லண்டனில் ஷர்லி நோலன் என்னும் தாய், மகன் அந்தோணிக்காகக் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். பதிவேடு வளர்ந்தது, மகனுக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. 1979-இல் அவன் இறந்தான்.

இன்று உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் உள்ளனர். ஆயினும் பலன் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வழியினருக்கு 75 சதவீதம். கருப்பின மக்களுக்கு 16 முதல் 19 சதவீதமே. தோல் நிறத்துக்கும் மஜ்ஜைக்கும் நேர்த் தொடர்பு எதுவுமில்லை. சரங்கள் மூதாதையர் வாழ்ந்த இடத்தையும் அங்கு அவர்களைத் தாக்கிய நோய்களையும் பொறுத்து அமைகின்றன. வட ஐரோப்பாவில் ஒரே சரம் பலரிடம் காணப்படுகிறது. காம்பியாவில் கடும் மலேரியாவைத் தடுக்க உதவும் ஒரு வடிவம் மேற்கு ஆப்பிரிக்கரிடம் மிகுந்திருப்பதை 1991-இல் கண்டனர். மனித இனம் மிக நெடுங்காலம் வாழ்ந்த கண்டம் ஆப்பிரிக்கா. எனவே சரங்களின் வகைகளும் அங்கேதான் மிகுதி. பதிவேட்டில் சேர்ந்தோர் குறைவு என்பது ஒரு காரணமே. அதைச் சரிசெய்தாலும் இந்த வகைப்பெருக்கம் இருக்கவே செய்யும். பெற்றோர் இரு கண்டத்தவரானால் சிக்கல் இன்னும் பெரிது. அவ்விரு சரங்களும் சேர்ந்தமைந்த மூன்றாமவர் ஒருவரை எங்கே தேடுவது?

தலைமுறை தலைமுறையாகத் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் புரிந்து வந்த நம் நாட்டிலும் சரங்கள் பலவாகப் பிரிந்தே உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலேயே மஜ்ஜை மாற்றம் தொடங்கிவிட்டது. சென்னையில் தாத்ரி பதிவேடு தோன்றியதோ 2009-இல்தான். இந்த இடைவெளி மிக நீண்டது என்றே சொல்ல வேண்டும்.

அண்மைக்காலத்தில் வேறொரு வழியும் பிறந்துள்ளது. பாதி பொருந்திய மஜ்ஜையைச் செலுத்தி, மூன்றாம் நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தைத் தருகிறார்கள். நோயாளியின் உடலைத் தாக்கப் பெருகும் அணுக்களை அது அழிக்கிறது, குருத்தணுக்கள் தப்புகின்றன. மருந்து புதிதன்று, 1950-களிலேயே வந்தது. பெற்ற தாயின் மஜ்ஜை எப்போதும் பாதியாவது பொருந்தும். அந்தோணிக்கும் அது இருந்தது. பயன்படுத்தும் முறைதான் அன்று தெரிந்திருக்கவில்லை.