காங்கேயம் மாட்டுக்கு அடியில் ஒரு புல்

காங்கேயம் மாட்டின் பெருமையைப் பழையகோட்டைப் பட்டக்காரர்களின் இனவிருத்தியோடு நிறுத்திவிடுகிறோம். அந்த மாட்டை உருவாக்கியதில் கொழுக்கட்டைப் புல்லுக்கும் சம பங்கு உண்டு என்பேன். மழை குறைந்த காங்கேயம் மண்ணில் கோடையில் இலை காய்ந்தாலும் தூர் சாவதில்லை. ஆழமாக இறங்கிய வேர் காத்திருந்து, முதல் மழைக்கே துளிர்க்கும். நின்றபடி காய்ந்த தாளையும் மாடு மேயும். தானாக வளரும் புல்லுக்கு ஏது வரலாறு எனலாம். ஆனால் கிளுவை வேலியிட்டு, இந்தப் புல் வளரும் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பட்டிகளாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேயவிட்டு, நடுவே வெள்வேல மரங்களை நிற்கவிட்டவர்கள் உழவர்களே. அந்த மரத்தின் நெற்றும் கோடைத் தீவனம். இதே புல் வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் தீயைப் பரப்பும் களையாகிவிட்டதே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அங்கே அது வெளியிலிருந்து கொண்டுபோய் விதைக்கப்பட்டது. இங்கே மண்ணுக்கு உரியது. கொறங்காட்டை மனைகளாக்கிவிட்டு மாட்டினத்தை மட்டும் காப்பாற்ற முடியாது.