ரோட்டுல ஓடுன லாரியும் கையில செஞ்ச லாரியும்

விக்கிரவாண்டின்னு சொன்னா சென்னையில இருக்கிற உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது டோல்கேட்தான். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப அந்த வரிசையில நின்னிருப்பீங்க. முன்னாடி நிக்கிற ட்ரெய்லர் லாரியைத் திட்டியும் இருப்பீங்க. அந்த லாரியைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன். பெரிய லாரி இல்லைங்க. அதை அச்சு அசலா சின்னதாச் செய்யிற கைவேலையோட கதை.

இது வெளிநாட்டுக்காரன் பொழுதுபோக்குன்னு நெனைக்காதீங்க. காஞ்சிபுரத்துல இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பாடின பெரும்பாணாற்றுப்படையிலயே, ஏறிப்போக முடியாத சின்னத் தேரை உழவர் வீட்டுப் பிள்ளைங்க உருட்டி விளையாடுனது வருது. ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல சிறுதேர் உருட்டுறதுக்குன்னே ஒரு பருவம் இருக்கு. எங்க காலத்துல அது நுங்கு வண்டி. இந்தப் பக்கம் பனைமரத்துக்குப் பஞ்சம் கிடையாது. நுங்கு தின்ன பிறகு ரெண்டு கோந்தையை ஒரு குச்சியில கோத்து, கவட்டைக் கம்பால தள்ளிக்கிட்டு ஓடுவோம். சோளத்தட்டையைக் கீறி, நெட்டியை எடுத்து மாட்டு வண்டி செய்வோம்.

மாட்டு வண்டி செஞ்ச கை, ரோட்டுல லாரி கூடக் கூட லாரி செய்ய ஆரம்பிச்சுது. 1980 வாக்குல எங்க தெருப் பசங்க செஞ்ச லாரிக்குத் தீப்பெட்டிதான் கேபின். பின்னாடி பாடிக்கு எண்ணெய் டின் தகரம். அறுந்து போன ரப்பர் செருப்பை வட்டமா வெட்டினா சக்கரம். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக் கம்பி. மல்லாட்டைத் தோலை மூட்டை கட்டி லோடு ஏத்துவோம்.

இதுல ஒரு ஒற்றுமை பாருங்க. இங்கிலாந்துல லெஸ்னின்னு ஒரு கம்பெனி. அதுல இருந்த ஜாக் ஓடெல்லோட மக படிச்ச பள்ளிக்கூடத்துல, தீப்பெட்டிக்குள்ள அடங்குற பொம்மையைத்தான் கொண்டு வரலாம்னு சட்டம். அவர் சின்னதா ஒரு ரோடு ரோலர் செஞ்சு குடுத்தார். அதுல இருந்துதான் 1953ல 'மேட்ச்பாக்ஸ்' வண்டிகள் பொறந்துச்சு. அவங்க தீப்பெட்டிக்குள்ள வண்டியை வெச்சாங்க, நாங்க தீப்பெட்டியையே வண்டியாக்கினோம்.

அதுக்கும் முன்னாடி லிவர்பூல்ல ஃபிராங்க் ஹார்ன்பியோட மெக்கானோ கம்பெனி 'டிங்கி டாய்ஸ்' போட்டுது. 1940கள் கடைசியில அவங்க விட்ட பொம்மைகள்ல ஒண்ணு லேலண்ட் காமெட் லாரி. அதே காமெட்தான் 1950களோட தொடக்கத்துல நம்ம எண்ணூர்லயும் நிஜ லாரியா வெளிய வந்துச்சு. 1948ல அசோக் மோட்டார்ஸ்னு கார் பூட்ட ஆரம்பிச்ச கம்பெனி, லேலண்டோட சேர்ந்து 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு.

எண்ணூர் லாரிக்கும் எங்க ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அப்பல்லாம் கம்பெனியில இருந்து முழு லாரி வராது. எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான் வரும். அதை சேஸிஸ்னு சொல்வாங்க. டிரைவர் தலையில துண்டு கட்டிக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, வெயிலு மழை எல்லாம் மேல வாங்கிக்கிட்டு ஓட்டிப் போவார். திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டி சேலம் ரோட்டைப் பிடிச்சு நாமக்கல், திருச்செங்கோடு. அங்க தச்சரும் கொல்லரும் பெயிண்டரும் சேர்ந்து கேபினும் பாடியும் கட்டுவாங்க. தெக்க எலும்பா போன வண்டி, கொஞ்ச நாள்ல பூவும் மயிலும் சாமி பேரும் எழுதி, மாப்பிள்ளை மாதிரி வடக்க வரும். சட்டம் வேற, மேல கட்டுற பாடி வேறங்கிறது எங்க ஊர்ப் பசங்களுக்குப் புத்தகம் படிச்சுத் தெரிஞ்சதில்லை. கண்ணால பார்த்தது.

ட்ரெய்லர் லாரிக்கு வருவோம். அமெரிக்காவுல இதை 'செமி'ன்னு சொல்றாங்க. செமின்னா பாதி. பின்னாடி இருக்கிற ட்ரெய்லருக்கு முன்சக்கரம் கிடையாது. அதோட முன்பாரம் இழுக்கிற வண்டி மேல, குதிரை லாடம் மாதிரி வாய் வெட்டின இரும்புத் தட்டுல உட்காரும். விவசாயிக்கு இது புதுசு இல்லைங்க. நம்ம ரெண்டு சக்கர மாட்டு வண்டியும் அப்படித்தான், முன்பாரம் நுகத்தடி வழியா மாட்டு கழுத்துல உட்காரும். டெட்ராய்ட்ல 1914ல அகஸ்ட் ஃப்ரூஹாஃப், ஃபோர்டு காருக்குப் பின்னாடி படகு ஏத்திப் போக இப்படி ஒண்ணு செஞ்சு குடுத்தார். அவரும் கொல்லர், வண்டி கட்டுறவர்தான்.

1970 வாக்குல ஏஎம்டி கம்பெனி, பீட்டர்பில்ட் 359 லாரியை 1:25 அளவுல பிளாஸ்டிக் துண்டுகளாப் பெட்டியில போட்டு வித்துது. நாமளே ஒட்டிச் சேர்க்கணும். 1:25ன்னா நிஜத்துல இருபத்தஞ்சு அங்குலம் இங்க ஒரு அங்குலம். 40 அடி கண்டெய்னர் 19 அங்குலம் சொச்சம் வரும். மூன்றரை அடி டயர் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. முதல்ல சட்டம், அச்சு, எஞ்சின், பிறகு கேபின். நாமக்கல் பட்டறையில நடக்கிற அதே வரிசை. அதோட விடமாட்டாங்க. சட்டத்தை வெட்டி நீட்டுவாங்க, படுக்கை அறை வெச்ச கேபின் மாத்துவாங்க, தனக்குப் பிடிச்ச லாரிக்காரரோட வண்டி மாதிரியே பெயிண்ட் அடிப்பாங்க, சேறும் துருவும்கூடப் பூசுவாங்க.

இன்னைக்கு நம்ம தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் இளைஞர்கள் பெட்டியே வாங்காம இதைச் செய்றாங்க. ஃபோம் ஷீட்டை பிளேடால அறுத்து, ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, சின்ன மோட்டார் வெச்சு, எல்ஈடி விளக்கு எரிய விடுறாங்க. டி.என். 28ன்னு நம்பர் பிளேட் வெச்சா நாமக்கல் வண்டி, டி.என். 34 திருச்செங்கோடு, டி.என். 32 நம்ம விழுப்புரம். எங்க பக்கத்துல டிப்ளமோ முடிச்ச தம்பி ஒருத்தர், நெடுஞ்சாலையில போற காத்தாடி இறக்கை ஏத்துன ட்ரெய்லரைச் செய்யணும்னு ஆசைப்பட்டார். 50 மீட்டர் இறக்கை 1:25ல செஞ்சா 2 மீட்டர் வருது, வீட்டுல வைக்க இடமில்லை. அதனால 1:50ல செஞ்சார். அவங்க அம்மா, "இந்த நேரத்துக்கு ஒரு வேலை தேடலாமில்ல"ன்னு கேட்டாங்க. அந்தக் கவலையும் நியாயம்தான். ஆனா எனக்கு வேற ஒரு கவலை.

நாமக்கல்ல கையால கட்டுன கேபின் ரோட்டுல இருந்து மறைஞ்சுக்கிட்டு வருது. இப்ப நிறைய லாரி கம்பெனியில இருந்தே முழுக் கேபினோட வருது. புதுசாத் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு மத்திய அரசு அறிவிச்சிருக்கு. டிரைவருக்கு அது ரொம்ப நல்லது. மே மாசத்துல எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஓட்டுறது என்ன கொடுமைன்னு அவங்களைக் கேட்டாத் தெரியும். பழைய கேபினே இருக்கட்டும்னு நான் சொல்லலை. ஆனா அதைக் கட்டுன தச்சர் கையில வரைபடம் கிடையாது. அளவெல்லாம் அவர் மனசுல. பழைய வண்டி காயலான் கடைக்குப் போனா அந்த அளவும் சேர்ந்து போயிடும்.

எங்க வீட்டு மாட்டு வண்டி போனப்ப ஒருத்தரும் அளவு எடுத்து வைக்கலை. இன்னைக்கு ஏர்க்கால் எவ்வளவு நீளம், ஆரக்கால் எத்தனைன்னு பேரப் பசங்க கேட்டா, கையை விரிச்சுக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கு. லாரிக்காவது அந்தக் கதி வரக்கூடாது. இந்தத் தம்பி டீக்கடைப் பக்கம் நிக்கிற பழைய லாரிக்கு அடியில டேப் வெச்சுப் படுத்துக்கிட்டு எழுதுற நோட்டுலதான் அந்த அளவு இப்ப இருக்கு.

உங்க வீட்டுப் பையன் அட்டையை வெட்டி லாரி செஞ்சா, படிப்பைப் பாருன்னு சொல்லுங்க, தப்பில்லை. ஆனா செஞ்ச லாரியைக் குப்பையில போட்டுடாதீங்க. உறவுல யாராவது லாரி வெச்சிருந்தா பழைய போட்டோவைத் தேடி அவன்கிட்ட குடுங்க. அடுத்த தடவை எங்க ஊர் டோல்கேட்ல நிக்கும்போது, முன்னாடி மரப்பாடி கட்டுன பழைய லாரி ஏதாவது நின்னா, பிள்ளைங்களுக்குக் காட்டுங்க.