டிரோன் பழுதானால் வான்குடை காக்குமா?

டிரோன் எனப்படும் ஆளில்லா விமானம் பறக்கும்போது பழுதானால், சேதத்தைக் குறைக்க இரண்டு சாதனங்கள் உள்ளன. வான்குடை அது விழும் வேகத்தைக் குறைக்கும். அடியில் விரியும் காற்றுப்பை தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்கும்.

பழுதில்லாத நாளிலும் இவற்றையே நம்பி இறங்கியது, பெங்களூரில் இந்திய இராணுவத்துக்காக உருவான 'நிஷாந்த்'. லாரியிலிருந்து ஏவப்பட்ட அதற்குச் சக்கரம் கிடையாது. எனவே ஓடுபாதையும் தேவையில்லை. ஆனால், வான்குடையும் காற்றுப்பையும் கூடுதல் சுமை. 2014 டிசம்பரில் முதலில் பறந்த அதன் மறுவடிவமான 'பஞ்சி' சக்கரத்துக்கு மாறியது. சுமை நீங்கியதால் கூடுதல் நேரம் பறக்கும் ஆற்றலையும் பெற்றது.

சிறிய டிரோன்களில், பழுது தெரிந்ததும் முதலில் விசிறிகள் நிறுத்தப்படும். சுழன்றுகொண்டிருந்தால் வான்குடைக் கயிறு சிக்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங் அல்லது அழுத்தப்பட்ட வாயு வான்குடையை வெளியே தள்ளும். அது முழுமையாக விரியப் போதிய உயரம் வேண்டும்.

பயிருக்குச் சில மீட்டர் மேலே பறந்து மருந்து தெளிக்கும் டிரோனுக்கு அந்த உயரம் கிடைக்காது. தானா ராத்தா போன்ற மலைப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. புறப்பட்ட இடத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் பறக்கும் டிரோன், 30 மீட்டர் மேடான சரிவுக்கு வந்தால் தரைக்கு 10 மீட்டர் மேலேதான் இருக்கும். விரிந்த வான்குடையையும் காற்று மரங்களின் பக்கம் இழுத்துச் செல்லலாம்.

ஆகவே, வான்குடை இருக்கிறதே என்று தேயிலை நிரையில் ஆட்களை நிறுத்தி வைக்கக் கூடாது. டிரோன் மேலெழும் முன்பே தொழிலாளர்கள் அங்கிருந்து விலகியிருப்பதே முதல் பாதுகாப்பு.