டர்பைன் கூட்டின் எண்: டர்போ இணைத்தேர்வு வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

மாற்றியமைக்கப்படும் கார் எஞ்சினுக்கு டர்போ தேடும்போது கம்ப்ரசர்தான் முதன்மை, அதைச் சுழற்றப் போதுமான டர்பைன் பிறகு அமையும் என்ற வாசிப்பு பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அது இரண்டு தூண்களில் நிற்கிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூகி 1905இல் விண்ணப்பித்த காப்புரிமை முதல் தூண். அதன் தலைப்பே கம்ப்ரசர், பிஸ்டன் எஞ்சின், டர்பைன் என்ற வரிசையில் அமைந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்டு மாஸ், 1918இல் கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சியில் லிபர்ட்டி விமான எஞ்சினை டர்போவுடன் ஓட்டிய சோதனை இரண்டாவது. காற்றை அழுத்தித் தருவதற்காகப் பிறந்த கருவி இது, டர்பைன் அதன் ஏவலாள் என்ற முடிவுக்கு இவ்விரண்டும் இட்டுச்செல்கின்றன. சாலையில் ஓடும் வண்டியைப் பொறுத்தவரை இம்முடிவு தலைகீழானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

காப்புரிமைத் தலைப்பில் உள்ளது காற்றும் புகையும் செல்லும் வரிசை. அதைத் தேர்வு வரிசையாக வாசிப்பது பிழை. ப்யூகியின் பிற்காலப் பணியே அந்த வாசிப்புக்கு இடம்தரவில்லை. 1925இல் அவர் காப்புரிமை பெற்ற துடிப்பு முறையில், ஒன்றின் புகை மற்றொன்றின் புகையோடு மோதாதபடி சிலிண்டர்கள் குழுவாகப் பிரிக்கப்பட்டு, தனித்தனிக் குறுகிய குழாய்கள் வழியாக டர்பைனுக்கு இணைக்கப்பட்டன. மாற்றம் முழுவதும் சூடான பக்கத்தில்தான். அக்காலத்திலேயே ப்ராய்சன், ஹன்சஸ்டாட் டான்ஸிக் என்ற இரு ஜெர்மானியக் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் டர்போவால் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500க்கு உயர்ந்தன. அவ்வுயர்வில் துடிப்பு முறைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே அதை முடிவான சான்றாக நான் வைக்கவில்லை. மாஸின் சோதனையோ வேறு வகை. ஏறத்தாழ 4300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காடுதான். விமான எஞ்சின் பறக்கும் நேரத்தின் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல்வது. டர்பைன் அந்த ஒரு நிலைக்குப் பொருந்தினால் போதும், எஞ்சிய கவலையெல்லாம் கம்ப்ரசரைப் பற்றியதே. நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து 4500 வரை ஓயாமல் ஏறி இறங்கும் கார் எஞ்சினுக்கு அந்தப் பாடத்தை அப்படியே பெயர்த்தெழுதியதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எதிர்ச்சான்றாக நான் முன்வைப்பது ஒரு சிறு குறியீட்டை: போர்ஷ 944 டர்போவில் கே26/6, 1988இன் டர்போ எஸ் வகையில் கே26/8. இரண்டும் ஜெர்மனியின் கேகேகே நிறுவனத் தயாரிப்புகள். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண், டர்பைன் கூட்டில் புகை நுழையும் தொண்டையின் பரப்பைச் சதுர செ.மீ. அளவில் குறிக்கிறது. கே26 வரிசை மாறவில்லை. தொண்டை 6இலிருந்து 8 ஆனது. திறன் 220 குதிரைத்திறனிலிருந்து 250 ஆனது. பழைய வகையில் 3000 சுற்றில் 1.75 பார் இருந்த முழு அழுத்தம் 5800 சுற்றில் 1.52க்கு இறங்கியது, புதியதில் உச்ச அழுத்தம் 5800 வரை நீடித்தது. எஞ்சின் கட்டுப்பாட்டு நிரலும் அப்போது திருத்தப்பட்டதே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே, ஆனால் போதாது. கம்ப்ரசர் காற்றுத் தர முடியாமல் திணறியிருந்தால் எந்த நிரலாலும் அவ்வழுத்தத்தைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. தடை புகை வெளியேறும் பக்கத்தில் இருந்தது என்பதே பொருந்தும் விளக்கம்.

அந்தக் கேகேகேயின் தொழில்நுட்பத் தொடர்பு, 1982இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் வழியாகச் சென்னைக்கும் வந்தது. நம் ஊர் டாக்ஸிகளில் நன்கு அறிமுகமான 1248 சிசி டீசல் எஞ்சினிலும் தொண்டை அளவு பற்றிய இதே கேள்வி எழுகிறது. நிலையான தொண்டை கொண்ட டர்போவுடன் ஸ்விஃப்ட்டில் 75 குதிரைத்திறன், 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். ஓடும்போதே தொண்டை விரிந்து சுருங்கும் டர்போவுடன் எஸ்எக்ஸ்4இல் 90 குதிரைத்திறன், 1750 சுற்றிலேயே 200. மேலே திறன் கூடியது, கீழே இழுவையும் முந்தி வந்தது. நிலையான தொண்டையில் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். இவ்விரு வகைகளுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு என்பதால் இது துணைச்சான்று மட்டுமே.

மலையில் காற்று மெலிவதால் கம்ப்ரசர்தானே தீர்மானிக்கும் என்று மாஸின் வழியில் கேட்பவர்கள் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச்சாலையை எண்ணிப்பார்க்கலாம். 800 மீட்டரில் திட்டக் காற்றழுத்தம் சுமார் 0.92 பார். பூஸ்ட்டை வரம்பில் நிறுத்தும் வேஸ்ட்கேட், வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதலான பூஸ்ட்டில் திறக்குமானால் அழுத்த விகிதம் தரையில் 2, மேலே 2.1 அளவே. ஓரளவு இடம் விட்டுத் தேர்ந்த கம்ப்ரசர் இதைத் தாங்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறக்குறைய நின்று, மீண்டும் 1500 சுற்றிலிருந்து சுமையோடு ஏறவேண்டியிருப்பதே உண்மையான சோதனை. அங்கே பிக்கப் தருவது சிறிய தொண்டை. பைக்ஸ் பீக்கின் பாடம் கல்வராயனுக்குச் செல்லாது.

தேர்வில் டர்பைன் முன்னுக்கு வந்த திருப்பம் எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பதில் நான் பிடிவாதம் காட்டமாட்டேன். 1925க்கும் உரிமை உண்டு. சிறிய டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் சேர்த்து நடுவேக இழுவையை இலக்காக்கிய சாப் 99 டர்போ வந்த எழுபதுகளின் பிற்பகுதிக்கும் உரிமை உண்டு. கார் வரலாறு என்ற அளவில் பின்னதையே நான் சாய்ந்து ஏற்கிறேன். ஆனால் மலைக்கென்று தொண்டையைக் குறுக்கிய அதே கார், கீழே உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் நெடுநேரம் வேகமாக ஓடும்போது புகையின் எதிரழுத்தமும் வெப்பமும் ஏறும். நிலையான தொண்டையில் இரண்டு சாலைகளுக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. வண்டி எந்தச் சாலையில் அதிகம் ஓடும் என்பதை முடிவுசெய்த பிறகே கம்ப்ரசர் வரைபடத்தைக் கையிலெடுக்க முடியும்.