ஒரே முதலாளி, இரண்டு டிரம்மர்கள்

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் 1965-இல் அடுத்தடுத்துச் சேர்ந்தவர்கள் ஜான் 'ஜாபோ' ஸ்டார்க்ஸும் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டும். ஃபங்க் இசை உருவான காலத்தில் டிரம்ஸ் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருந்தது. இருவருமே இசைப் பள்ளியில் கற்றவர்கள் அல்லர். டென்னசியின் சட்டனூகாவில் பிறந்த கிளைட், ஆலைச் சத்தத்தையும் ரயிலோட்டத்தையும் கேட்டே தாளம் பிடித்தவர். அலபாமாக்காரரான ஜாபோவுக்குத் தேவாலயக் கைத்தட்டல்தான் பாடம். ஜேம்ஸ் பிரவுனிடம் வருமுன் ப்ளூஸ் பாடகர் பாபி பிளாண்டுக்கு வாசித்தவர் அவர். பாடகருக்குப் பின்னால் அடங்கி நிற்கும் குணம் அங்கே படிந்தது.

வாசிப்பில் இருவருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகவே கேட்கும். கிளைட் ஓயவே மாட்டார். அழுத்தமான இரண்டு அடிகளுக்கு நடுவே ஸ்னேர் டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்னத் தட்டல்கள் ஓடும். டிரம்மர்கள் இவற்றைக் 'கோஸ்ட் நோட்' என்பார்கள். 1967-இல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' முழுக்க இந்த நெசவுதான். ஜாபோ நேர்மாறு. ஹை-ஹேட் எனும் ஜோடித் தட்டு இறுக்கமாக ஓடும், அடி இடம் மாறாது, வேண்டாத ஒன்றும் வராது. 'செக்ஸ் மெஷின்', 'சூப்பர் பேட்', 'தி பேபேக்' எல்லாம் அவர் வாசித்தவை. நான் பாடகனாக இருந்தால் ஜாபோவைத்தான் கேட்பேன்.

ஆனால் உலகம் அறிந்த பெயர் கிளைட்தான். காரணம், 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவான 'ஃபங்கி டிரம்மர்'. மற்றவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரை மட்டும் வாசிக்கவிட்டார் பிரவுன். சுமார் 20 நொடிதான்; தனி ஆவர்த்தனம் என்றுகூடச் சொல்ல முடியாது. 80-களில், பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாம்ப்ளர் கருவியோடு வந்த ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களுக்கு வேண்டியிருந்தது வேறு கருவி கலக்காத இப்படியொரு துண்டுதான். ஹிப்-ஹாப் குழு பப்ளிக் எனிமி முதல் பாடகி ஷினேட் ஓ'கானர் வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அது புகுந்தது. கிளைட்டுக்கோ அந்தப் பாட்டின் மேல் பெரிய பிரியம் கிடையாது!

ஜாபோவின் தாளமும் குறைவாகப் போகவில்லை. லின் காலின்ஸின் 'திங்க்' (1972) பாடலில் அவர் வாசித்த துண்டு, 1988-இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' உட்பட எத்தனையோ நடனப் பாடல்களுக்கு உயிர் கொடுத்தது. அதன்மேல் குரல்களின் கூவல் இருப்பதால் எல்லோருக்கும் அந்தக் கூவல்தான் நினைவிருக்கிறது.

பணத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கதி. பாடலை இயற்றியவர், பதிவுக்கு உரிமையாளர் என்ற இரு வழியில்தான் சாம்பிள் காசு போகும். டிரம் அடி இயற்றலாகக் கணக்கில் வரவில்லை; வாசித்தவர் கூலியோடு சரி. 2000-இல் கிளைட்டுக்குப் புற்றுநோய் வந்தபோது சுமார் 90,000 டாலர் மருத்துவக் கடனை அடைத்தவர் பாடகர் பிரின்ஸ். அதுவும் வெளியே தெரியாமல்.

கிளைட் 70-களின் தொடக்கத்தில் விலகி விஸ்கான்சினின் மேடிசனில் குடியேறி, உள்ளூர் மேடைகளில் வாசித்தார். ஜாபோ பின்னர் பி. பி. கிங்கிடம் போனார். முதுமையில் இருவரும் 'ஃபங்க்மாஸ்டர்ஸ்' என்று மறுபடி சேர்ந்தார்கள். கிளைட் 2017-இலும் ஜாபோ 2018-இலும் மறைந்தார்கள்.

'கோல்ட் ஸ்வெட்', 'செக்ஸ் மெஷின்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவது முறை, பாடகரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள்.