பெல்லாரியும் பட்டறையும்

தென்மாவட்டங்களில் பெரிய வெங்காயம் வேணும்னு கேட்டா, கடைக்காரர் "பல்லாரியா?" என்று திருப்பிக் கேட்பார். பல்லாரி என்பது பெல்லாரி. அது ஒரு ஊர்ப் பெயர். 1800ல் ஹைதராபாத் நிஜாம் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று. அதன்பின் மதராஸ் மாகாணத்தில் இருந்து, 1953ல் ஆந்திரம் பிரிந்தபோது அந்த மாவட்டத்தின் பெரும்பகுதி மைசூரோடு சேர்ந்தது. இப்போ நம்ம சந்தைக்கு நாசிக் பக்கத்திலிருந்தெல்லாம் லாரி வருது. ஆனா பெயர் மட்டும் பழைய மாகாணத்திலேயே நிற்கிறது.

இலங்கையில் இதே காய் 'பம்பாய் வெங்காயம்'. மலையாளத்தில் 'சவாள', வெங்காயத்துக்கான போர்த்துகீசியச் சொல்லான 'செபோலா'விலிருந்து வந்தது. மூன்று இடத்திலும் பெரிய வெங்காயத்தின் பெயர், அது எந்த வழியாக வந்தது அல்லது யார் கையால் வந்தது என்பதைச் சொல்கிறது. சின்ன வெங்காயத்துக்கு அப்படி ஒரு பெயர் தேவைப்படலை. உள்ளி, ஈருள்ளி என்று தமிழிலும் பக்கத்து மொழிகளிலும் வழங்கும் பழைய சொற்களே அதற்குப் போதும். மொழியை வைத்துப் பார்த்தால் சின்னது வீட்டு ஆள், பெரியது பிறகு வந்த விருந்தாளி.

தாவர இயலில் இரண்டும் ஒரே இனம்தான். பயிரிடும் முறைதான் வேற. பெரிய வெங்காயம் விதையில் வரும். சின்ன வெங்காயத்தில் கோ 5 மாதிரி விதை ரகங்கள் இருந்தாலும், காலங்காலமாக நட்டது காயைத்தான். ஒரு காயை ஊன்றினால் அது பிரிந்து கொத்தாகும். ஏக்கருக்கு சுமார் 600 கிலோ விதைக்காய் வேணும். அதாவது சாப்பிடுகிற காயும் விதையும் ஒண்ணுதான். அறுவடை முடிந்து அடுத்த பட்டம் வரைக்கும் காயை அழுகாமல், முளைக்காமல் வைத்திருக்க முடியாதவர் மறுபடி நட முடியாது.

இந்தத் தேவையிலிருந்து வந்ததுதான் பட்டறை. பெரம்பலூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கம் போனால் வயலோரத்தில் பார்க்கலாம். கீழே கல் வைத்து, மேலே கட்டையோ மூங்கிலோ பரப்பி, தரையைத் தொடாத ஒரு மேடை. சுற்றிலும் காற்று புகும் தட்டி, மேலே தென்னங்கீற்று. காய்ந்த தாளோடு வெங்காயத்தை உள்ளே அடுக்குவார்கள். மூணு நாலு மாசம் தாங்கும். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வெங்காயம் உறைநிலையை ஒட்டிய குளிரில் தூங்கும். 25 முதல் 30 டிகிரி உலர்ந்த வெப்பத்திலும் தூங்கும். இடைப்பட்ட 10 முதல் 20 டிகிரியில்தான் வேகமாக முளைக்கும். குளிர்பதனக் கிடங்கு இல்லாத ஊரில், காற்றை மட்டும் வைத்து அந்த உலர்ந்த தூக்கத்தைக் கொடுக்கிறது பட்டறை. நாசிக் பக்கத்து விவசாயிகள் 'சால்' என்ற காற்றோட்டக் கொட்டகையில் கோடை விளைச்சலை மழைக்காலம் தாண்டி வைப்பதும் இதே தத்துவம்தான்.

ஆனா, வைத்திருப்பது ஒரு பந்தயமும்கூட. 1980 தேர்தலில் வெங்காய விலை பிரசாரப் பொருளானது. 1998ல் டில்லி ஆட்சி மாற்றத்துக்கு அது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அதனால் விலை ஏறினாலே ஏற்றுமதித் தடை வரும்: 2019 செப்டம்பரில் வந்தது, 2023 டிசம்பரில் மறுபடி வந்தது. நகரத்து அடுப்படிக்கு அது நிம்மதி. நல்ல விலைக்காக மாசக்கணக்கில் காத்திருந்தவருக்கு எடையும் போச்சு, விலையும் போச்சு. பட்டறையே இல்லாதவர் பாடு இன்னும் மோசம். அறுவடை அன்னிக்கு என்ன விலையோ அதற்கே தள்ளணும். சின்ன வெங்காயக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விலை உச்சத்தில் இருக்கும்போது விதைக்காயையும் விற்றுவிடலாமென்று தோணும். விற்றால் அடுத்த பட்டத்துக்கு விதையை வெளியில்தான் வாங்கணும், அதுவும் ஏறிய விலைக்கு.

நம்ம வீட்டுக்கும் பட்டறையின் விதிதான். வாங்கும்போது கழுத்துப் பகுதி காய்ந்து ஒடுங்கியிருக்கணும். அங்கே அழுத்தினால் அமுங்குகிற காயை முதலில் சமைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் கூடையில் பரப்புங்கள். உருளைக்கிழங்கின் ஈரம் ஆகாது, தள்ளி வையுங்கள். முழு வெங்காயத்துக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் சின்னது. பஜ்ஜி, ரவா தோசை, பிரியாணிக்குப் பெல்லாரி.

கோடையில் சின்ன வெங்காயம் மலிந்தால் அதை இடித்து, உளுந்தும் பூண்டும் கடுகும் சேர்த்து, உருட்டி வெயிலில் காயவைக்கிற தாளிப்பு வடகமும் ஒரு சேமிப்பு முறைதான். விவசாயி காற்றில் வைத்ததை, வீட்டுப் பெண்கள் வெயிலில் வைத்தார்கள். அந்த ஜாடியில் இருப்பது வெங்காயம் மலிவாகக் கிடைத்த ஒரு மாசம். விலை ஏறும் நாளில் ரெண்டு உருண்டையைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் போதும், குழம்பு மணக்கும்.